அயர்லாந்துச் சிப்பாயைப் பென்ஷன் ஃபைலில் தேடுவது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவரைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எந்தச் சண்டை, எந்தத் தளபதி, எந்தக் குன்று என்று போவார்கள். பென்ஷன் ஃபைலிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன் நான். அதிலும் சிப்பாய் பேரில் இருப்பதைவிட, அவருடைய அம்மா பேரிலோ மனைவி பேரிலோ ஒரு ஃபைல் இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஓய்வூதியப் பிரிவில் இருந்தவள். ஒரு குடும்பம் அக்கம்பக்கத்தில் சொல்லாததையும் பென்ஷன் ஆபீஸில் சொல்லியாக வேண்டும். கல்யாணம் எப்போது நடந்தது, பிள்ளைகள் எத்தனை, இறந்தவர் எத்தனை, வீட்டு வாடகை யார் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும், சாட்சி வேண்டும். அப்படிக் கொடுத்த காகிதம் நூற்றைம்பது வருஷம் கழித்தும் பேசும்.

மகளைக் கட்டிக்கொடுத்த பாஸ்டன் குடும்பம் அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் வழி. சம்பந்தியம்மாவிடம் தாடி வைத்த கிழவர் ஒருவரின் புகைப்படம் இருந்தது. அவருடைய தாத்தாவுக்கு அப்பா. "ஐரிஷ் பிரிகேடில் இருந்தாராம், பிரெடெரிக்ஸ்பர்க்கில் அடிபட்டாராம்" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இங்கே எழுதுவது அவரைத் தேடப் போய்த் தெரிந்துகொண்டது. குடும்பத்துக்காக அவர் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கிளம்பும் முன் வீட்டில் கேட்க வேண்டியவை

சிப்பாயின் பெயர் மட்டும் போதாது. ஜான் சல்லிவன், பாட்ரிக் மர்ஃபி, மைக்கேல் கெல்லி என்று தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மனைவியின் பெயர் (பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு), போருக்குப் பின் குடியிருந்த ஊர், பிள்ளைகளில் இரண்டு பேருடைய பெயர், போன கோவில் (சர்ச்). இவை கையில் இருந்தால் பத்து மர்ஃபிகளில் உங்கள் மர்ஃபியைப் பிரித்துவிடலாம். பழைய புகைப்படம் இருந்தால் கோட்டின் மார்பைப் பாருங்கள். கொடி மாதிரி நாடாவில் ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் தொங்கினால், அவர் கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்ற முன்னாள் வீரர் சங்கத்தில் இருந்திருக்கிறார். 1866-இல் இல்லினாய் மாநிலத்து டெகேட்டரில் ஆரம்பித்த சங்கம் அது. ஊருக்கு ஊர் கிளை இருந்தது, கிளைக்கு எண் இருந்தது, உறுப்பினர் பதிவேடும் இருந்தது. எங்கள் கிழவர் மார்பில் அது இருந்தது.

குடும்பக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். அயர்லாந்து வழிவந்த எல்லா வீட்டிலும் முன்னோர் ஐரிஷ் பிரிகேடில் இருந்ததாகத்தான் சொல்வார்கள். அந்த பிரிகேடின் புகழ் அப்படி. பிரிகேட் என்றால் பல ரெஜிமெண்டுகள் (படைப்பிரிவுகள்) சேர்ந்த பெரிய படை. இதில் இருந்தவை நியூயார்க்கின் 63, 69, 88-ஆம் ரெஜிமெண்டுகள், அப்புறம் சேர்ந்த மாசசூசெட்ஸ் 28, பென்சில்வேனியா 116. 1862 செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம், அதே வருஷம் டிசம்பர் 13-இல் பிரெடெரிக்ஸ்பர்க்கில் தொப்பியில் பச்சைத் தழையைச் செருகிக்கொண்டு மேரீஸ் ஹைட்ஸ் குன்றை நோக்கி ஏறியது, 1863 ஜூலை 2-இல் கெட்டிஸ்பர்க்கில் ஃபாதர் வில்லியம் கார்பி பாறை மேல் நின்று எல்லாருக்கும் பாவமன்னிப்பு கொடுத்தது எல்லாம் இந்த பிரிகேடின் கதைகள். ஆனால் அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலானவர்கள் இதில் இல்லை, வேறு வேறு சாதாரண ரெஜிமெண்டுகளில் கலந்து இருந்தார்கள்.

எங்கள் சிப்பாய் இருந்தது மாசசூசெட்ஸ் 9-ஆம் ரெஜிமெண்ட். அதுவும் பாஸ்டன் அயர்லாந்துக்காரர்களின் படைதான், ஆனால் ஐரிஷ் பிரிகேடில் சேர்ந்ததில்லை. 1861 ஜூனில் பணியேற்றது, 1864 ஜூனில் கலைந்தது. அவருக்கு அடிபட்டதும் பிரெடெரிக்ஸ்பர்க்கில் இல்லை. ரிச்மண்ட் பக்கத்தில் கெயின்ஸ் மில், 1862 ஜூன் 27. நாலு நாள் கழித்து மால்வர்ன் ஹில்லில் பட்ட காயத்தில் அந்த ரெஜிமெண்டின் கர்னல் தாமஸ் காஸும் இறந்துபோனார்.

பணிப் பதிவு

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, உள்நாட்டுப் போர் வீரர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதலில் அங்கே குடும்பப் பெயரையும் மாநிலத்தையும் போடுங்கள். எழுத்துக்கூட்டில் பிடிவாதம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முன்னால் வரும் 'ஓ' போயிருக்கும், 'மக்' 'மாக்' ஆகியிருக்கும், ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார். வேறு பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு. வயது போதாதவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள், ஒரு படையிலிருந்து ஓடி இன்னொன்றில் சேர்ந்தவர்கள்.

ரெஜிமெண்டும், அதற்குள் அவர் இருந்த கம்பெனி என்ற சிறு பிரிவின் எழுத்தும் கிடைத்தபின், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பணிப் பதிவைப் பாருங்கள். சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஓர் அட்டை. ஆள் இருந்தாரா இல்லையா, எதனால் இல்லை, என்ன பிடித்தம் என்பதுதான் விஷயம். வயது, உயரம், கண் நிறம், முடி நிறம், தொழில் சேரும்போது எழுதியது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று ஒரே சொல்தான் அனேகமாக இருக்கும். மாவட்டம்கூட இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம், அந்த விவரம் வேறு இடத்தில் கிடைக்கும். வயதையும் நம்பிவிடாதீர்கள். 18 என்று எழுதியவர் 16 ஆக இருக்கலாம், 44 என்று எழுதியவர் 50-ஐத் தாண்டியிருக்கலாம்.

பிடித்தக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். தொலைத்த தோள்பைக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் சம்பளத்தில் பிடிப்பார்கள். சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர், 1864-இல்தான் 16 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அந்தப் பணமும் நாலு மாதம், ஆறு மாதம் என்று இழுத்துக்கொண்டு போகும். சம்பளம் வராத மாதங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்த மாதங்களில் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு வீட்டில் வாடகை பாக்கி நின்றிருக்கும். அவர் ஏன் போனார் என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கில் பாதிப் பதில் உண்டு. 1845-இல் தொடங்கிய பஞ்சத்துக்குப் பின் வந்து இறங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவருக்கு நிரந்தரமாக 13 டாலர் என்பதும், சேர்ந்தால் கிடைக்கும் ஊக்கப் பணம் என்பதும் பெரிய விஷயம். புதிய நாட்டின் மேல் பற்றும் இருந்தது, ஆயுதப் பயிற்சி ஒருநாள் அயர்லாந்து விடுதலைக்கு உதவும் என்ற நினைப்பும் பலருக்கு இருந்தது. 300 டாலர் கட்டினால் கட்டாயச் சேர்ப்பிலிருந்து தப்பலாம் என்று சட்டம் வந்தபோது, அந்தப் பணம் இல்லாதவர்களின் கோபம் 1863 ஜூலையில் நியூயார்க் கலவரமாக வெடித்து, கறுப்பின மக்கள் மேல் கொடூரமாகப் பாய்ந்தது. அதில் அயர்லாந்துக்காரர்கள் நிறைய இருந்தார்கள். ஒரு குடும்பத்தின் கதையை எழுதும்போது இதை மறைக்கக் கூடாது.

'ஓடிப்போனவர்' என்று அட்டையில் இருந்தால் அடுத்த அட்டைகளையும் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, எங்கே என்று தெரியாமல், ஓடிப்போனவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிற்பாடு அந்தக் குற்றச்சாட்டை நீக்கிய குறிப்பு இருக்கும்.

பென்ஷன் அட்டவணை அட்டை

இனி முக்கியமான இடம். பென்ஷன் கேட்டு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டவணை அட்டை உண்டு. ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சிப்பாயின் பெயர், கீழே அவரைச் சார்ந்தவரின் பெயர், பிறகு படைப்பிரிவு, விண்ணப்பித்த நாள், எந்த வகை, விண்ணப்ப எண், சான்றிதழ் எண், எந்த மாநிலத்திலிருந்து. வகை என்ற கட்டத்தில் 'இன்வாலிட்' என்றிருந்தால் சிப்பாயே கேட்டது. 'விடோ' விதவை, 'மைனர்' பிள்ளைகள், 'மதர்' தாய். சான்றிதழ் எண் இருந்தால் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்ப எண் மட்டும் இருந்தால் கேட்டு மறுத்திருக்கிறார்கள் அல்லது பாதியில் நின்றுபோயிருக்கிறது. மறுத்த ஃபைலை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஆபீஸிலும் சுளுவாகக் கிடைத்த பென்ஷன் ஃபைல் மெலிசாக இருக்கும், திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பிக் கேட்ட ஃபைல்தான் தடியாக இருக்கும்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் முழு ஃபைலின் நகல் கேட்க வேண்டும். கட்டணம் உண்டு. நேரில் போகிறவர் இலவசமாகப் பார்க்கலாம். விதவை ஃபைல்களில் ஒரு பகுதி ஃபோல்டு த்ரீ என்ற கட்டணத் தளத்தில் படமாகவே இருக்கிறது, பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள். 'முழு ஃபைல்' என்று கேட்பது முக்கியம். சுருக்கமான தொகுப்பு வாங்கினால் நீங்கள் தேடுகிற சாட்சிக் காகிதம்தான் விடுபட்டிருக்கும். எண் 'சி' என்றோ 'எக்ஸ்.சி.' என்றோ தொடங்கினால் அந்த ஃபைல் படைவீரர் நலத்துறையிடம் இருக்கலாம், காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஃபைலைப் புரிந்துகொள்ள மூன்று சட்டங்கள் தெரிந்தால் போதும். 1862 ஜூலை 14 சட்டம்: போரில் வந்த ஊனத்துக்குச் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் வரை. இறந்தால் அதே தொகை விதவைக்கு, அவர் இல்லையென்றால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, பிள்ளையை நம்பி இருந்த தாய்க்கு. 1890 ஜூன் 27 சட்டம்: 90 நாள் பணி செய்து மரியாதையாக விடுவிக்கப்பட்டவருக்கு, உடல் நலிவு போரில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குப் பின் விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. 1907 சட்டம்: 62 வயதானாலே 12 டாலர். இதற்கு வயதை நிரூபிக்க வேண்டும், அதனால் கிழவர்கள் அயர்லாந்துப் பங்குச் சாமியாருக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டு எழுதினார்கள். (பங்கு என்பது ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம்.) நீங்கள் தேடும் பங்கின் பெயர் பெரும்பாலும் இந்த 1907-ஐ ஒட்டிய காகிதங்களில் கிடைக்கும்.

தாயின் ஃபைல்

மகன் போரில் செத்துப்போனான், கல்யாணம் ஆகவில்லை. தாய் பென்ஷன் கேட்கிறாள். மகன் தன்னைக் காப்பாற்றினான் என்று அவள் நிரூபிக்க வேண்டும். புருஷன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உழைக்க முடியாதவனாக இருக்க வேண்டும், அதற்கு டாக்டர் சான்று. மளிகைக் கடைக்காரர் வந்து, பையன்தான் அம்மா கணக்கைத் தீர்ப்பான் என்று சத்தியம் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் வாடகைக்குச் சாட்சி. இதற்கெல்லாம் மேலே, மகன் முகாமிலிருந்து எழுதிய கடிதங்கள். பணம் அனுப்பியதாக அவற்றில் இருப்பதால் அதுவே ஆதாரம். மூலத்தையே கொடுத்தார்கள். நகல் எடுக்கும் வசதி எந்த ஏழைத் தாய்க்கு இருந்தது? கொடுத்த கடிதம் திரும்ப வரவில்லை, இன்றும் வாஷிங்டனில் அந்த ஃபைலுக்குள் இருக்கிறது.

அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது முதலில் பணத்தைப் பற்றிய வரிகளைக் குறியுங்கள்: எவ்வளவு, யார் கையில் கொடுத்தனுப்பியது, பணமும் பார்சலும் கொண்டுபோகும் எக்ஸ்பிரஸ் கம்பெனி வழியாகவா. பிறகு ஊர்க்காரர்கள் பெயர்கள். யார் செத்தார்கள், யார் ஆஸ்பத்திரியில், யாருடைய வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்தும், பலசமயம் அயர்லாந்தின் ஒரே பங்கிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். அந்தப் பெயர்கள் பிற்பாடு கைகொடுக்கும். எழுதத் தெரியாத சிப்பாய்க்கு இன்னொருவர் எழுதிக்கொடுத்திருப்பார். கையெழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அயர்லாந்தை விட்டு வராத தாய்மார்களும் இந்தப் பென்ஷன் வாங்கியிருக்கிறார்கள். அப்படியொரு ஃபைல் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஊரும் பங்கும் முகவரியாகவே இருக்கும்.

விதவை ஃபைலில் கல்யாணச் சான்றும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றுகளும் இருக்கும். கோவில் பதிவு கிடைக்காதபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து சாட்சி சொல்லியிருப்பாள். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும். 1882-இல் வந்த ஒரு சட்டம், கல்யாணம் செய்யாமல் ஆணோடு வாழ்ந்தாலும் நிறுத்தலாம் என்றது. அதற்காக அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விசாரித்த காகிதங்கள் இந்த ஃபைல்களில் உண்டு. கஞ்சிக்கு வழியில்லாமல் நின்ற பெண்ணின் படுக்கையறையை எட்டு டாலருக்காக எட்டிப் பார்த்த அரசாங்கம் அது. இதைப் படிக்கையில் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. அந்தப் பக்கங்களில் அவள் சொன்னதை மற்றவர்கள் சொன்னதற்கு முன்னால் படியுங்கள். நீங்கள் எழுதும்போதும் அவள் சொன்னதை முதலில் எழுதுங்கள்.

டாக்டர் தாள்

சிப்பாயின் சொந்த ஃபைலில் மருத்துவக் குழுவின் தாள்கள் பல இருக்கும். பென்ஷனைக் கூட்டிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் போய்ச் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும். எங்கள் சிப்பாயின் 1891 தாளில் முன்பக்கம் பின்பக்கமாக மனித உடலின் கோட்டோவியம் அச்சாகியிருக்கிறது. இடது தொடையில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, டாக்டர் மையால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பின்பக்கப் படத்தில் அதற்கு நேராக இன்னொன்று. குண்டு புகுந்த இடமும் வெளியேறிய இடமும். தழும்பின் நீளம், அதை அழுத்தினால் வலிக்கிறதா, கால் எவ்வளவு மடங்குகிறது, நாக்கு எப்படி, ஈரல் எப்படி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு பின்னம்: பதினெட்டில் நாலு.

இந்தப் பின்னத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கையோ பாதமோ போனதற்குச் சமமான ஊனத்துக்கு ஒரு காலத்தில் 18 டாலர் என்று விகிதம் இருந்தது. அதை வைத்துப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று ஒவ்வொரு நோவுக்கும் மதிப்புப் போடுவார்கள். தாள்களைத் தேதிப்படி அடுக்கி ஒவ்வொரு நோவின் பின்னத்தையும் ஒரு வரிசையில் எழுதினால், ஒரு உடம்பு எப்படித் தேய்ந்தது என்று தெரியும். துப்பாக்கிக் காயத்தைவிட நாள்பட்ட வயிற்றுப்போக்கும், வாதமும், குடலிறக்கமும்தான் அதிகம் வரும். முகாம் தண்ணீரும் ஈரத் தரையும் செய்த வேலை. மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஆளுக்குக் குடலிறக்கம் வந்தால் வேலையே போச்சு. பெல்ட் கட்டிக்கொண்டு பாதிக் கூலிக்குப் போவதாக எங்கள் சிப்பாய் சொல்லியிருக்கிறார்.

விசாரணை அதிகாரி வந்த ஃபைல்

சந்தேகம் வந்தால் பென்ஷன் ஆபீஸ் தனி விசாரணை அதிகாரியை அனுப்பும். அவர் ஊருக்கு வந்து சிப்பாயையும் தோழர்களையும் பக்கத்து வீட்டாரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வார். இவை கிடைத்தால் வேறு எதையும் முதலில் படிக்காதீர்கள். அந்தக் காலத்து ஏழைகள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் ஆதியோடந்தமாகச் சொன்ன இடம் அது.

அதில் பிரசித்தமானது ஆல்பர்ட் கேஷியரின் வழக்கு. அயர்லாந்தின் லவுத் மாவட்டத்தில் கிளோகர்ஹெட் என்ற கடற்கரை ஊரில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்ணாகப் பிறந்தவர். 1862 ஆகஸ்டில் ஆல்பர்ட் என்ற பெயரில் இல்லினாய் 95-ஆம் ரெஜிமெண்டின் ஜி கம்பெனியில் சேர்ந்து, விக்ஸ்பர்க் முற்றுகையில் இருந்து, படை கலையும்வரை பணி செய்தார். அதற்குப் பிறகும் சோனமின் என்ற சிற்றூரில் ஆணாகவே வாழ்ந்து, எடுபிடி வேலை செய்து பிழைத்து, பென்ஷனும் வாங்கினார். 1911-இல் கார் ஏறிக் கால் முறிந்தபோது விஷயம் டாக்டருக்குத் தெரிந்தது. குவின்சியில் இருந்த முன்னாள் வீரர் இல்லத்தில் சேர்த்தார்கள், அங்கிருந்து 1914-இல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிப் பாவாடை கட்டவைத்தார்கள். ஆள்மாறாட்டமோ என்று பென்ஷன் ஆபீஸ் விசாரித்தது. பழைய தோழர்கள் வந்து, கூடச் சண்டை போட்டவர் இவர்தான் என்று சாட்சி சொன்னார்கள். பென்ஷன் தொடர்ந்தது. 1915-இல் இறந்தபோது ராணுவச் சீருடையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இப்படிப்பட்ட வாக்குமூலங்களுக்காகத்தான் இந்த ஃபைல்களைத் தேடச் சொல்கிறேன்.

உங்கள் ஆளுக்கு இப்படி விசாரணை நடக்காமல் இருக்கலாம். ஆனால் அவருடைய கம்பெனித் தோழர் ஒருவரின் விசாரணையில் அவர் சாட்சியாக வந்து தன் கதையையும் சொல்லியிருக்கலாம். அதனால்தான் கடிதங்களில் வந்த பெயர்களைக் குறித்து வைக்கச் சொன்னேன்.

போருக்குப் பிந்தைய வருஷங்கள்

பென்ஷன் ஃபைல் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். 1890 மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி அழிந்துபோனது, 1921 தீவிபத்து அதற்குக் காரணம். ஆனால் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் அதே வருஷம் தனியாக எடுத்த பட்டியலில் கென்டக்கியின் ஒரு பகுதி தொடங்கி அகரவரிசையில் பிந்தி வரும் மாநிலங்கள் பிழைத்தன. மாசசூசெட்ஸ், நியூயார்க், பென்சில்வேனியா எல்லாம் இருக்கின்றன. 1900 கணக்கில் எந்த வருஷம் வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். 1910 கணக்கில் 'யு.ஏ.' என்று ஒரு கட்டத்தில் இருந்தால் வடக்குப் படையில் இருந்தவர்.

குடியுரிமைக் காகிதத்தில் 'விருப்ப அறிவிப்பு' என்ற முதல் தாள் இல்லையென்று தேடித் தவிக்காதீர்கள். 1862 சட்டப்படி, மரியாதையாக விடுவிக்கப்பட்ட 21 வயதான வெளிநாட்டுச் சிப்பாய்க்கு அந்த முதல் தாள் தேவையில்லை. ஒரு வருஷம் நாட்டில் குடியிருந்திருந்தால் போதும்.

கடைசிக் காலத்தைத் தேடுகிறவர்கள் வீரர் இல்லங்களின் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். மெய்ன் மாநிலத்து டோகஸில் 1866-இல் முதல் தேசிய இல்லம், பிறகு மில்வாக்கி, டேட்டன், ஹாம்ப்டன். அந்தப் பதிவேட்டில் மதம், நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும், பென்ஷன் தொகை, நோவுகள், இறந்த நாள் எல்லாம் ஒரே பக்கத்தில். மாசசூசெட்ஸ்காரர்களுக்குச் செல்சியில் 1882 முதல் தனி இல்லம் இருந்தது.

தெற்குப் படையில் இருந்த அயர்லாந்துக்காரருக்கு மத்திய அரசு பென்ஷன் கிடையாது. போருக்குப் பின் குடியிருந்த தெற்கு மாநிலம் கொடுத்ததைத்தான் வாங்கியிருப்பார், அதற்கு அந்த மாநில ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

அயர்லாந்துப் பக்கம்

பங்கின் பெயர் தெரியாமல் அயர்லாந்துப் பதிவேடுகளில் இறங்க வேண்டாம். வெறும் 'கார்க்' என்று வைத்துக்கொண்டு தேடினால் ஆயுசு போதாது. பென்ஷன் ஃபைலில் கிடைக்காவிட்டால் கல்லறைக் கல்லைப் பாருங்கள், மாவட்டமும் பங்கும் செதுக்கியிருப்பார்கள். பாஸ்டனில் வெளிவந்த பைலட் பத்திரிகையில் 1831-இலிருந்து காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. ஊர், பங்கு, கப்பலேறிய காலம் எல்லாம் அதில் போடுவார்கள். நியூயார்க்கில் இருந்தவராக இருந்தால் 1850-இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் சோதனைப் புத்தகங்கள் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத வாடிக்கையாளரை அடையாளம் காண, பெற்றோர் யார், எந்த ஊர், எந்தக் கப்பல், கூடப்பிறந்தவர் எங்கே என்று கேட்டு எழுதி வைத்தார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பங்கு தெரிந்துவிட்டால் மற்றது சுலபம். அயர்லாந்துத் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை 2015-இல் இலவசமாக இணையத்தில் போட்டது. பஞ்ச காலத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கு பெரும்பாலும் 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணச் சாலையோடு எரிந்துபோனதால் இந்தப் பதிவேடுகளை விட்டால் வேறு கதியில்லை. 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடும் இலவசம். யார் எந்த டவுன்லேண்டில் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) யாருடைய நிலத்தில் குடியிருந்தார் என்று அது சொல்லும்.

பதிவேட்டில் தேடும்போது ஃபைல் சொல்லும் பிறந்த வருஷத்துக்கு முன்னும் பின்னும் நாலைந்து வருஷம் பாருங்கள். அப்பா அம்மா பெயர் பொருந்தினால் நின்றுவிடாமல் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டார். எங்கள் சிப்பாய் 1908-இல் இறந்து மனைவி பென்ஷன் கேட்டபோது, பாஸ்டனில் ஒரே மாடிக் குடியிருப்பில் இருந்த ஒரு மூதாட்டி, இவர்கள் இருவரையும் கப்பலேறும் முன்பிருந்தே தெரியும் என்று சாட்சி சொல்லிக் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அந்த மூதாட்டியின் கல்யாணப் பதிவை மாசசூசெட்ஸ் அரசுப் பதிவேட்டில் தேடிப் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்தேன். மேற்குக் கார்க் பங்கின் பதிவேட்டில் எங்கள் சிப்பாயின் ஞானத்தாயுடைய குடும்பப் பெயரும் அதுவே. கிரிஃபித் மதிப்பீட்டில் இரண்டு குடும்பப் பெயரும் ஒரே டவுன்லேண்டில் அடுத்தடுத்து வருகின்றன. அந்த மூதாட்டியின் அண்ணன் தம்பிகள் யாராவது 9-ஆம் ரெஜிமெண்டில் இருந்தார்களா என்று இப்போது பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.